பல்லவர் கடற்படையெடுப்பும் வைக்கிங்குகளின் கடலோட்டமும்: ஓர் ஒப்புநோக்கு

கி.பி. 793-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை அடுத்த லிண்டிஸ்பார்ன் தீவின் கிறிஸ்தவ மடத்தைச் சூறையாடிய நாள் முதலாக, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளாகிய வைக்கிங்குகள் ஐரோப்பிய சரித்திரத்தில் கொள்ளைக்காரர் என்றே பெயர் பெற்றனர். அவர்களிடம் பொருளும் உயிரும் இழந்த மடத்துறவிகளே அக்காலத்து நிகழ்ச்சிகளை எழுதிவைத்தோர் ஆதலின், அப்பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. ஆயினும் 841-இல் டப்ளினில் பாசறை அமைத்துப் பின்னர் அதனை வாணிக நகரமாக்கியவர்களும், ஐஸ்லாந்தில் குடியேறிப் பண்ணை வைத்தவர்களும், 911-இல் பிரெஞ்சு மன்னனிடம் நிலம் பெற்று நார்மண்டியில் நிலைத்தவர்களும் அவர்களே. கொள்ளை, வாணிகம், குடியேற்றம் என்னும் மூன்றும் அவர்களிடையே பெரும்பாலும் ஒரே கூட்டத்தார் கையில் இருந்தன.

பல்லவர் ஆண்ட செங்கற்பட்டுக் கடற்கரையிலே இம்மூன்றும் எவர் எவர் கையில் இருந்தன என்பதே இங்கு என் ஆராய்ச்சி. மாமல்லபுரத்தின் சிறப்பைச் சிற்பங்களோடு முடித்துவிடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அதனைத் துறைமுகமாகவும் காண வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இவ்வூரைத் திருக்கடல்மல்லை என்று பாடிய திருமங்கையாழ்வார், நிதிக்குவியலையும் யானைகளையும் நவமணிகளையும் ஏற்றி, பாரத்தால் தாழ்ந்து வளைந்து செல்லும் மரக்கலங்களைக் காட்டுகிறார். பாலாற்றின் முகத்துவாரத்தை அடுத்த வயலூரிலே, பல்லவ வம்சாவளியைக் கூறும் தூண் சாசனம் பல்லவ மன்னன் இராசசிம்மனின் ஆணை தீவுகள் மீதும் சென்றதாகப் பெருமை பேசுகிறது.

படையெடுப்புக்குச் சிறந்த சான்று மானவர்மன் வரலாறு. இலங்கை அரசுரிமையை இழந்து காஞ்சிக்கு வந்த இவ்விளவரசன், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்குப் பணிபுரிந்து, சாளுக்கியரோடு நிகழ்ந்த போரிலும் அவன் பக்கம் நின்றான். நார்வேயினின்று ஓடிக் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசனின் மெய்க்காவற்படையில் பணிசெய்து, 1046-இல் மீண்டு அரசெய்திய ஹரால்டின் கதையும் இத்தகையதே. ஆனால் வேற்றுமை ஒன்று உண்டு. மானவர்மனோடு முதன்முறை அனுப்பப்பட்ட படை, பல்லவ மன்னன் நோயுற்றான் என்ற செய்தி கேட்டு இலங்கையை விட்டுத் திரும்பிவிட்டதாக மகாவம்சத்தின் தொடர்ச்சி கூறுகிறது. பின்னொரு முறை, மன்னனின்றிக் கப்பலேற வீரர் தயங்கவே, நரசிம்மவர்மன் தன் அரச உடையையும் அணிகளையும் மானவர்மனுக்குப் பூட்டி, மன்னனே கலமேறினான் என்று அவர்கள் நம்புமாறு செய்தான் என்றும் அந்நூல் சொல்லும். வைக்கிங் தலைவனின் கீழ்க் கப்பலேறியவன் கிடைக்கும் பொருளையும் நிலத்தையும் நம்பிச் சென்றான். பல்லவ வீரன் கண்ணுக்கு மன்னன் தென்பட்டால்தான் கடலைக் கடந்தான். மன்னனோடு கட்டுண்ட அப்படை வெற்றி கண்ட நாட்டில் வேரூன்றவில்லை; மானவர்மனே அங்கு அரசாண்டான். காசாக்குடிச் செப்பேடு இலங்கை வெற்றியைப் புகழ்கிறதேயன்றி, அங்குப் பல்லவர் குடியேறியதாகக் கூறவில்லை.

குடியேற்றத்தைக் காண வங்கக் கடலுக்கு அப்பால் செல்லவேண்டும். இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்னுமிடத்தில் கிடைத்த சிதைந்த தமிழ்ச் சாசனம், அவனிநாரணம் என்னும் குளம் ஒன்று தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக விடப்பட்டதையும் கூறுகிறது. அவனிநாரணன் என்பது ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர்; வைக்கிங்குகள் டப்ளினில் காலூன்றியதும் அந்நூற்றாண்டிலேதான். குளத்தைக் காக்க வேண்டுமெனில் ஆண்டுதோறும் தூர் வாரவும் கரை உயர்த்தவும் ஆட்கள் அங்கேயே இருத்தல் வேண்டும். பருவக்காற்றுக்குக் காத்திருந்து சரக்கு மாற்றிச் செல்லும் வழிப்போக்கரால் இயலும் காரியமன்று. ஆதலின் அங்கு நிலையான தமிழ்க் குடியிருப்பு ஒன்று இருந்தது என்று துணிவது தகும்.

இதனைக் கொண்டு, வைக்கிங்குகள் வாளோடு சென்றனர், தமிழர் தராசோடு மட்டும் சென்றனர் என்று சிலர் பெருமை கொள்வதை நான் ஏற்பதற்கில்லை. மணிக்கிராமம் வணிகர் குழு. சேனாமுகமோ, பெயரளவிலேயே படையைச் சுட்டுவது. வாணிகச் சரக்குக்கு ஆயுதக் காவல் அங்கும் தேவைப்பட்டிருக்கிறது. உண்மையான வேற்றுமை ஆயுதம் ஏந்தியதில் இல்லை. அவ்வாயுதம் எவருக்குக் கட்டுப்பட்டது என்பதில் இருக்கிறது. இலங்கை சென்ற படை காஞ்சி மன்னனுக்குக் கட்டுப்பட்டு அவன் செய்திக்கே திரும்பிற்று. தக்குவாபாவின் காவலரோ, மன்னன் பெயரைக் குளத்துக்கு இட்ட பின்னும், அதன் பொறுப்பை வணிகரோடு சேர்ந்து தாமே ஏற்றனர்.