சுவரும் விண்ணப்பமும்

நம் கம்மாபுரம் வட்டாரம் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சிப் பிரிவில் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாகும். அதன் தலைமைக் குருமாரிடம் எளிய மக்கள் நீதி கேட்ட வரலாறு, எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் நம் இளைஞர் அறியத்தக்கது.

புதுவை 1886இல் பேராயரின் இருக்கையாயிற்று. அதற்கு நெடுநாள் முன்பே இவ்வரலாறு தொடங்கிவிட்டது. 1745இல் புதுவைத் தேவாலயத்தினுள் ஒரு சுவர் நின்றது. ஒருபுறம் ஆதிதிராவிடக் கிறித்தவர்; மறுபுறம் ஏனையோர். அவ்வாண்டு அக்டோபரில், காரைக்கால் குருவின் ஊக்குவிப்பால், நம் மக்கள் மூத்த குருவிடம் சென்று இவ்வேற்றுமை முறையோ என்று முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது.

இச்செய்தி நமக்கு எவ்வாறு கிடைத்தது? ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தமையால் கிடைத்தது. முறையிட்டவர் நம்மவர், எழுதியவர் பிறர். சுவருக்கு அப்பால் நின்றவரின் நெஞ்சக் குமுறலை அவர்தம் சொல்லாலேயே அறியும் பேறு நமக்கு வாய்க்கவில்லை.

கற்சுவர் வீழ்ந்தது; மனச்சுவர் வீழவில்லை. 263 ஆண்டுகள் கழிந்தபின், அதே உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்து எறையூரில் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள், தங்கள் சகாயமாதா ஆலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்குமாறு பேராயரிடம் கோரினர். வழிபாட்டிலும் இறுதி ஊர்வலத்திலும் சமநிலை மறுக்கப்பட்டதே அக்கோரிக்கையின் வேர். 2008 மார்ச் 9 அன்று அவர்தம் வீடுகள் தாக்கப்பட்டன. காவலர் சுட்டதில் எதிர்த்தரப்பினர் இருவர் மாண்டனர். அவ்விருவரையும் பலிகொண்டது சாதி வெறியே என்பதை நாம் மறத்தலாகாது.

எளியோர் எழுத்து என்ன செய்யவல்லது என்பதற்குக் கடல்கடந்த சான்று ஒன்றுண்டு. எல் சால்வடோர் நாட்டில் 1977 முதல் பேராயராயிருந்த ஆஸ்கர் ரொமெரோவுக்கு ஏழை உழவர்கள் கடிதம் எழுதினர். பிள்ளைகளைக் காணாத தாய்மார் அவரிடம் முறையிட்டனர். கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் பெயர்களை அவர் ஞாயிறு மறையுரையில் படித்தார். வானொலி அதனை நாடெங்கும் ஒலித்தது. 1980 மார்ச் 24இல் திருப்பலி நிறைவேற்றுகையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஏழையின் கடிதத்தை ஆள்வோர் எத்துணை அஞ்சினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இளைஞர்களே! நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இந்நாளில் நாம் வேண்டுவது ஒன்றே. பேராயருக்காயினும் ஆட்சியருக்காயினும் உங்கள் குறையை நீங்களே எழுதுங்கள். நாள், இடம், நிகழ்ந்தது ஆகியவற்றைப் பிழையறக் குறியுங்கள். படி ஒன்று வைத்துக்கொண்டு ஒப்புகை பெறுங்கள். இன்று பயன் விளையாவிடினும் நாளை அது வரலாறாகும். நம் வரலாறு இனியும் பிறர் நாட்குறிப்பில் ஒதுங்கி நிற்றல் வேண்டா!