ஓய்வூதியம் அவர்களுக்கு, உதவித்தொகை நமக்கு

கரிவலம்வந்தநல்லூரில் இரண்டு முதியவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஐம்பது வருடம் நாற்று நட்டு, களை பறித்து, கருதறுத்தவர். முதலாமவருக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வரும். அகவிலைப்படி ஏறினால் அதுவும் ஏறும். அவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இரண்டாமவருக்கு மாதம் 1,200 ரூபாய். அதை வாங்க, தான் ஆதரவற்றவர் என்று சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் அவர் மெய்ப்பிக்க வேண்டும். அரசு கோப்பு இதையும் ‘முதியோர் ஓய்வூதியம்’ என்றுதான் எழுதுகிறது. ஊரும் பத்திரிகையும் ‘உதவித்தொகை’ என்கின்றன. உண்மையைச் சொல்வது ஊர்தான்.

உழைத்த இருவரில் ஒருவருக்கு உரிமையும் மற்றவருக்கு இரக்கமும் எப்படி வந்தன? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நிலத்தில் உழைத்தவர்களின் முதுமைக்குப் பண்ணையார்கள் பொதுவாகப் பொறுப்பேற்றதில்லை. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அன்றைக்கு அளந்தது அன்றைக்கே தீர்ந்தது. முதுமைக்கென்று ஒதுக்கி வைக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை.

அரசின் பொறுப்பு பற்றிய பேச்சு 1940களில் வலுத்தது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு குறித்த அதார்க்கர் அறிக்கை 1944இல் தயாரானது. அதிலிருந்து பிறந்தது 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டம். 1952இல் வருங்கால வைப்புநிதிச் சட்டம் வந்தது. இரண்டும் பெரிய வெற்றிகள். ஆனால் இரண்டும் ஆலையையும் நிறுவனத்தையும் மையமாக வைத்தவை. முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று பதிவேடு இருக்கும் இடத்தில்தான் அவை செல்லும். வயலில் ஏது பதிவேடு? நாட்டின் மிகப் பெரிய உழைக்கும் கூட்டம், தலித்துகள் மிகுதியாக இருந்த கூட்டம், சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றது.

இந்த ஓட்டையை அடைக்கும் வழியை அம்பேத்கர் 1947லேயே எழுதிவிட்டார். பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கு அவர் தயாரித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி வேறுபாடின்றி அது சாகுபடிக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது அது. கூடவே, காப்பீடு அரசின் கையில் மட்டுமே இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு கட்டாயம் என்றும் சொல்கிறது. தனிமனிதருக்குப் பாதுகாப்பு, அரசுக்கு முதலீட்டுப் பணம் என்று இரண்டு பயனையும் அவர் கணக்கிட்டார். நிலமும் காப்பீடும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதிகள்.

கிடைத்தது என்ன? முதுமையில் அரசு உதவி பற்றிப் பேசும் 41ஆவது பிரிவு அரசியலமைப்பில் இடம்பெற்றது. ஆனால் அது நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத வழிகாட்டு நெறிகளில் ஒன்று. 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையாகி எல்ஐசி உருவானது. கூலிக்காரர் ஒவ்வொருவருக்கும் காப்பீடு என்ற பகுதி கைவிடப்பட்டது.

வெளியே நின்றவர்களுக்காக 1962 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1981இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கெனத் தனித் திட்டம் வந்தது. ஒன்றிய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் இதற்குள் நுழைந்தது, மாதம் 75 ரூபாயுடன். 2006இல் அது 200 ஆனது. 80 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த 200 இன்றுவரை நகரவில்லை. ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. தமிழ்நாடு அரசு 2011இல் மொத்தத் தொகையை 1,000 ஆக்கியது. அடுத்த உயர்வுக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தோம். 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது, அதாவது நாளைக்கு நாற்பது ரூபாய். அரசு ஊழியரின் அகவிலைப்படி விலைவாசியைப் பின்தொடர்கிறது. நம் பாட்டியின் பணம் யாராவது அறிவிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது.

‘மருத்துவத்துக்குத்தான் காப்பீடு இருக்கிறதே’ என்பார்கள். உண்மைதான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் விரிக்கப்பட்டது. பிரீமியச் சுமை ஏழைகள் தலையில் இல்லை. அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் செத்தவர்களை அறிந்த நாம் இதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் இந்தக் காப்பீடுகள் முக்கியமாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு உரியவை. பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பிய பிறகு அவரைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, ஊட்டிவிட யார் பணம் தருவது? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. வந்தவர் போன பிறகு மீதி நேரம் முழுக்க ஒரு பெண்ணின் வேலை. மகளோ மருமகளோ கூலிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார். அவர் இழக்கும் கூலிதான் நம் காலனிகளில் முதியோர் பராமரிப்புக்குக் கட்டப்படும் பிரீமியம். எந்தப் பட்ஜெட்டிலும் அது எழுதப்படுவதில்லை.

‘பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்ற வேண்டும்’ என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். காப்பாற்றாத பிள்ளையிடம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். சொத்துள்ள குடும்பத்துக்கு அது உதவும். பிள்ளையும் தினக்கூலி என்றால் யாரிடமிருந்து எதை வாங்குவது?

உலகில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனி 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு தொடங்கியது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் அதற்கும் பணம் தருகிறது. ஜப்பான் 2000இல் தொடங்கியது. அங்கே 40 வயதைக் கடந்தவர்கள் சந்தா கட்டுகிறார்கள், ஏறக்குறைய பாதிச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. அப்படியே இங்கே நகலெடுத்தால் பழைய தவறு திரும்பும்: சம்பளச் சீட்டு உள்ளவர் உள்ளே, கூலிக்காரர் வெளியே. இங்கே கூலிக்காரரின் பங்கை வரிப்பணம்தான் கட்ட வேண்டும். ஐம்பது வருட உழைப்பாக அவர் தன் சந்தாவை ஏற்கனவே கட்டிவிட்டார்.

ஆகவே நாம் மூன்றைக் கேட்போம். 60 வயதைக் கடந்த ஒவ்வொரு கூலிக்காரருக்கும், ஆதரவற்றவர் என்ற நிபந்தனை இல்லாத ஓய்வூதியம் வேண்டும். அது விலைவாசியோடு உயர வேண்டும். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அரசு ஊதியம் தர வேண்டும்.

வேலையை நம் தெருவிலிருந்தே தொடங்கலாம். 60 வயதைக் கடந்தவர்களில் பணம் வருபவர், விண்ணப்பம் தள்ளுபடி ஆனவர், ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர், படுக்கையில் கிடப்பவர் என்று வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள். தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்து, மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை வாங்காமல் கலையாதீர்கள்.