இலேசான இரையகக் குடலழற்சியில் தோன்றும் வலிப்பு

இலேசான இரையகக் குடலழற்சியில் தோன்றும் வலிப்பு என்பது, அதுவரை நலமாக இருந்த சிறு குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட சில நாட்களுக்குள், காய்ச்சலோ கடுமையான நீரிழப்போ இல்லாத நிலையில் ஏற்படும் வலிப்பு ஆகும். இது பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளிடம் காணப்படுகிறது. சப்பானைச் சேர்ந்த மோரூக்கா என்னும் மருத்துவர் 1982 ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு நோய்நிலையாக முதன்முதலில் விவரித்தார். சப்பான், தைவான், ஆங்காங், கொரியா ஆகிய இடங்களில் இருந்தே தொடக்கத்தில் மிகுதியான அறிக்கைகள் வந்தமையால், இது கிழக்காசியக் குழந்தைகளுக்கே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் இருந்தும் அறிக்கைகள் வெளிவந்தன.

இது கால்-கை வலிப்பு அன்று. காய்ச்சல் வலிப்பும் அன்று. இவ்வேறுபாடு தெரியாமையால் சில குழந்தைகள் தேவையின்றி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து உண்ண நேரிடுகிறது.

== இயல்புகள் ==

வலிப்பு வழக்கமாக வயிற்றுப்போக்கு தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் வருகிறது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் வருவது மிகுதி. குழந்தை நினைவிழந்து, உடல் விறைத்து, கைகால்கள் வெட்டி இழுக்கும். ஒவ்வொரு வலிப்பும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்திற்குள் தானே நின்றுவிடும். ஆனால் ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வருவது இந்நோய்நிலையின் குறிப்பிடத்தக்க இயல்பாகும். இரண்டு வலிப்புகளுக்கு இடையில் குழந்தை தெளிவாகவே இருக்கும். அழுகையோ வலியோ அடுத்த வலிப்பைத் தூண்டுவதைச் சப்பானிய மருத்துவர்கள் கவனித்துள்ளனர். ஊசி போடும்போது வலிப்பு வந்தால் ஊசிமருந்தே காரணம் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. அழுகை தூண்டியிருக்கவும் கூடும்.

குருதியில் சோடியம், கால்சியம், சர்க்கரை ஆகியவற்றின் அளவுகள் இயல்பாக இருக்கும். மூளைத்தண்டுவட நீரிலும் அழற்சிக்கான அடையாளம் இராது. வலிப்பில்லா வேளையில் எடுக்கும் மூளை மின்னலை வரைவும் (இ.இ.ஜி) பெரும்பாலும் இயல்பாகவே அமையும்.

== காரணம் ==

ரோட்டா வைரசு, நோரோ வைரசு ஆகிய இரண்டுமே இதில் மிகுதியாகக் கண்டறியப்படுபவை. குடலைத் தாக்கும் வைரசு மூளையில் வலிப்பை எவ்வாறு உண்டாக்குகிறது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. சில குழந்தைகளின் மூளைத்தண்டுவட நீரில் ரோட்டா வைரசின் மரபுப்பொருள் காணப்பட்டுள்ளது. அவ்வைரசு உருவாக்கும் என்.எசு.பி.4 என்னும் புரதம் நஞ்சாகச் செயற்படுகிறது என்பதும் ஒரு கருத்து. நீரிழப்பு மிகாத, சோடியம் குறையாத குழந்தைக்கே இது வருவதால், "உடம்பில் உப்புக் குறைந்துவிட்டது" என்னும் வழக்கமான விளக்கம் இங்குப் பொருந்தாது.

== பிரித்தறிதல் ==

மேற்கண்ட முடிவுக்கு வருமுன் மற்ற காரணங்களை விலக்கியாக வேண்டும். வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு வரும் வலிப்பு எல்லாம் தீங்கற்றதன்று. ஊட்டக்குறைவு பரவலாக உள்ள நம் நாட்டில் குருதிச் சர்க்கரை வீழ்ச்சியை முதலில் ஐயுற வேண்டும். விரல் நுனிக் குருதியில் ஒரு நிமிடத்தில் அறியலாம். சிகெல்லா நுண்ணுயிரியால் வரும் சீதபேதியில் கடுங்காய்ச்சலும் குருதி கலந்த மலமும் வலிப்பும் சேர்ந்து வரக்கூடும். மூளை உறை அழற்சியும் வாந்தியுடனேயே தொடங்கும்.

குருதிச் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். வெறும் தண்ணீரையோ நீர்த்த கஞ்சியையோ மட்டும் தொடர்ந்து கொடுத்தால் இது குறையலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு தம்ளரில் கலக்கிக் கொடுத்தால் அளவுக்கு மீறி உயரும். இரண்டுமே வலிப்பை உண்டாக்கவல்லன. கடைகளில் 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலமும் கிடைப்பதால் இத்தவறு எளிதில் நேர்கிறது. பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ள அளவைப் படித்தே கலக்க வேண்டும்.

== முதலுதவியும் மருத்துவமும் ==

குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி மூச்சுக்குழலுக்குள் செல்லாமல் காக்க வேண்டும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதையும் இடலாகாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. சூடு போடுதல் கொடிய தீங்கு. வலிப்பு தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்வது மருத்துவருக்கு மிகவும் உதவும். சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களில் இருந்து சிதம்பரத்துக்கோ நெய்வேலிக்கோ செல்லும் வழியிலேயே வலிப்பு நின்றுவிடக்கூடும். நின்றுவிட்டது என்று பாதிவழியில் திரும்புதல் தவறு. அது முதல் வலிப்பாயின் குருதி ஆய்வு கட்டாயம் தேவை. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

நீண்ட வலிப்பை நிறுத்த மிடசோலம், டயசிபாம் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. ஆயினும் அடுத்தடுத்து வரும் வலிப்புகளைத் தடுப்பதில் டயசிபாம் பல வேளைகளில் தவறுகிறது. சப்பானில் கார்பமசெபின் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒருமுறை, வயிற்றுப்போக்கு நிற்கும்வரை மட்டும் கொடுத்து நற்பயன் கண்டனர். இம்மருந்து தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நோய் நீங்கியபின் நீண்டகால வலிப்பு மருந்து தேவையில்லை. பெரும்பான்மையான குழந்தைகள் பின்னாளில் கால்-கை வலிப்பின்றி இயல்பாக வளர்கின்றனர்.

== தமிழ் வழக்கில் ==

சித்த மருத்துவத்தின் பால வாகடம் செரியாமையை அடிப்படையாகக் கொண்ட குழந்தை நோய்களை மாந்தம் என்று தொகுத்து, அவற்றுள் வலிப்பையும் சேர்த்துக் கூறுகிறது. வயிற்றுக்கும் வலிப்புக்கும் தொடர்புண்டு என்று முன்னோர் கண்டிருந்தனர் என்பது வியப்பளிப்பது. எனினும் மாந்தம் பல நோய்களை அடக்கிய சொல். இக்கட்டுரையின் நோய்நிலையும் அதுவும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

== தடுப்பு ==

ரோட்டா வைரசைத் தடுக்கும் ரோட்டாவேக் என்னும் இந்தியச் சொட்டு மருந்து, தில்லியில் பிறந்த குழந்தை ஒன்றிடம் கண்ட வைரசு வகையில் இருந்து உருவாக்கப்பட்டது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் இது ஆய்வு செய்யப்பட்டது. வேலூரில் ஆய்வை நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 56 விழுக்காடு குறைந்தது என்று 2014 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2016 ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் ரோட்டா தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2017 ஆம் ஆண்டில் தொடங்கியது. குழந்தை பிறந்த 6, 10, 14 ஆம் வாரங்களில் இது இலவசமாக அளிக்கப்படுகிறது.

அமெரிக்காவில் 2014 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ரோட்டா தடுப்பு மருந்து முழுமையாகப் பெற்ற குழந்தைகளுக்கு அடுத்த ஓராண்டில் வலிப்புக்காக மருத்துவமனை செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நோரோ வைரசுக்கு இத்தகைய தடுப்பு மருந்து இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை; அதற்குச் சோப்பிட்டுக் கைகழுவுதலே காப்பு.