ஆபத்தை மறைக்காத படங்கள்: கிறித்தவக் குழந்தைப் படநூல்களில் கடவுள் நம்பிக்கை

சிறு குழந்தைகளுக்கான கிறித்தவப் படநூல்களில் திரும்பத் திரும்ப வரையப்படும் கதைகளுள் நோவாவின் பேழையும் ஒன்று. கூரைக்கு மேல் தலைநீட்டிச் சிரிக்கும் ஒட்டகச்சிவிங்கியும் வானவில்லும் பக்கத்தை நிறைத்திருக்க, வெள்ளம் வெறும் நீல விரிப்பாகிவிடுவதே அவற்றில் வழக்கம். கடவுளை நம்புவோரைத் தீங்கு அணுகாது என்பதுதான் அத்தகைய படங்கள் குழந்தைக்குத் தரும் செய்தி. விவிலியக் கதைகளோ அப்படிச் சொல்லவில்லை. ஆபத்தை ஆபத்தாகவே காட்டி, அதனூடே ஒருவர் உடனிருப்பதையும் காட்டும் படநூல்தான் கடவுள் நம்பிக்கையைக் கற்பிக்க வல்லது என்பது என் வாதம்.

இதற்குச் சிறந்த சான்று பீட்டர் ஸ்பியர் 1977இல் வெளியிட்ட நோவாவின் பேழை நூல். படநூல்களுக்கான கால்டெகாட் பதக்கத்தை 1978இல் பெற்ற இந்நூலில், தொடக்கத்தில் வரும் ஒரு பழைய டச்சுக் கவிதைக்குப் பின் ஏறக்குறைய எல்லாமே படங்கள்தான். பேழைக்கு வெளியே நின்றுவிட்ட விலங்குகளைச் சூழ்ந்து நீர் ஏறுகிறது. ஸ்பியர் அதை மறைக்கவில்லை. உள்ளேயும் சொகுசு இல்லை. தீனி வைப்பதும் சாணம் அள்ளுவதுமாக நோவாவின் நாட்கள் கழிகின்றன. விளக்கும் சொற்கள் இல்லாததால், படிக்கும் பெரியவரும் குழந்தையும் ஒவ்வொரு படத்திலும் நின்று பேச வேண்டியிருக்கிறது. நம்பிக்கை இங்கே காத்திருத்தலாகவும் அன்றாட உழைப்பாகவும் உருக்கொள்கிறது. விவிலியத்தின் பிற கதைகளும் ஆபத்தை மறைப்பதில்லை. மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் புயலில் சிக்கிய சீடர்கள், தூங்கும் இயேசுவை எழுப்பி, எங்களைப் பற்றிக் கவலையில்லையா என்று முறையிடுகிறார்கள். தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் தீச்சூளையை எதிர்நோக்கும் மூன்று இளைஞர், கடவுள் விடுவிக்காமல் போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். சுருக்கிச் சொல்லும்போது இந்த முறையீடும் இந்த 'விடுவிக்காமல் போனாலும்' என்பதும்தான் எளிதில் விடுபடுகின்றன. விடுபட்டபின் மிஞ்சுவது மீட்பின் அற்புதம் மட்டுமே.

குழந்தை அஞ்சாதா என்று கேட்பது நியாயமே. உளவியலாளர் எரிக் எரிக்சன் குழந்தையின் அடிப்படை நம்பிக்கையை விளக்கியபோது, அவநம்பிக்கையின் கலப்பே அற்ற நிலையை அவர் இலக்காக வைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே நம்பிக்கை மேலோங்கும் விகிதத்தையே வைத்தார். இருட்டையும் பிரிவையும் குழந்தை முன்பே அறியும். அந்த அச்சத்துக்கு உருவம் தரும் படத்தைத் தாயின் மடியிலிருந்து பார்ப்பது வேறு, தனியே எதிர்கொள்வது வேறு. காத்லீன் கொரிவோ, பால் ஹாரிஸ் முதலியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு கோணத்தைத் தருகிறது. தேவாலயத்துக்கோ சமயப் பள்ளிக்கோ செல்லும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் சமயக் கதைமாந்தரை உண்மையில் வாழ்ந்தவர்களாகவே கருதினர். சமயக் கதைகளே வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கோ இது எழுதுவோர், வரைவோரின் பொறுப்பைக் கூட்டுவதாகவே படுகிறது. வேண்டினால் காப்பாற்றப்படுவோம் என்று நூல் உறுதியளித்தால் குழந்தை அதை உலக நடப்பாகவே ஏற்கும். வேண்டியும் பாட்டி இறந்துபோகும் நாளில் பொய்த்துப்போவது நூல் மட்டுமன்று.

விவிலியக் கதைகளைச் சீக்கிரம் கற்பித்தால் அவை நேர்ப்பொருளாக உறைந்து, பின்னாளில் மொத்தமாக ஒதுக்கப்படும் என்று சமயக் கல்வி ஆய்வாளர் ரொனால்டு கோல்ட்மன் 1964இல் எச்சரித்தார். கருத்துகளைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் ஆராய்ந்தது சமயச் சிந்தனையை. நம்பிக்கை சிந்தனைக்கு முன்பே, தூக்கிச் சுமக்கும் கைகளிடம் தொடங்கிவிடுகிறது. படநூல் அந்த உறவைத் தொட்டுப் பேசுகிறது. கோட்பாட்டை அது விளக்க முனையும்போதுதான் கோல்ட்மன் அஞ்சியது நேர்கிறது.

இவ்வாதத்துக்கும் எல்லை உண்டு. ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் கத்தியை ஓங்கும் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை நான்கு வயதுக் குழந்தைக்குப் படமாக்கக் கூடாது என்றே கருதுகிறேன். வெள்ளத்திலும் புயலிலும் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. படித்துக்காட்டும் பெரியவர் குழந்தையின் பக்கம் இருக்கிறார். இக்கதையிலோ ஆபத்து தந்தையின் கையிலேயே இருக்கிறது. நம்பிக்கையைக் கற்றுத்தர வேண்டிய மடியே ஐயத்துக்கு உள்ளாகும்போது, மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் எஞ்சுவதில்லை.