எருமை போன பிறகு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது பூகோளப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ரோன் ஆறு கடலில் சேருகிற கமார்க் சதுப்பு. வெள்ளைக் குதிரைகள், கறுப்புக் காளைகள், பின்னால் கூட்டமாகப் பூநாரைகள். மாடும் பறவையும் ஒரே தண்ணீரில் நிற்பது அன்று எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நம் ஏரியிலும் எருமை முதுகில் கொக்கு உட்கார்ந்திருக்குமே!

பிறகு அரசாங்கக் குமாஸ்தாவாகி, மேய்ச்சல், அபராதம் என்று கோப்புகளைப் புரட்டியதில் என் புத்தி மாறிவிட்டது. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து சாயங்காலம் வடக்கனந்தலுக்குத் திரும்பும் மாடுகளைப் பார்த்து, "இதுகளால்தான் மலை மொட்டையாகுது" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னவன் நான். மாடு ஓட்டி வருகிறவர் சிரித்துக்கொண்டே போவார்.

என் எண்ணத்தை அசைத்தது ராஜஸ்தானில் உள்ள பரத்பூரின் கதை. மகாராஜா வாத்து சுடுவதற்கென்று வைத்திருந்த நீர்நிலை அது. பரப்பு 29 சதுர கிலோமீட்டர்தான். சைபீரியக் கொக்குகள் வந்து தங்கிய இடம். 1982இல் அங்கே கால்நடை மேய்ச்சலை நிறுத்தினார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தடையை ஆதரித்தவர்களில் பறவையறிஞர் சலீம் அலியும் ஒருவர்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே அங்கு பத்தாண்டு ஆய்வு செய்தது. எருமைகள் மேய்ந்துகொண்டிருந்த நீர்ப்புல், அவை போனதும் தறிகெட்டு வளர்ந்து தண்ணீரை மூடிவிட்டதாம். மீனுக்கும் இடமில்லை, நீந்தும் பறவைக்கும் இடமில்லை. எருமை சம்பளமில்லாமல் செய்த வேலைக்குப் புல்டோசர் வைக்க வேண்டியதாயிற்று. ஊராரையே உள்ளே விட்டுப் புல் அறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் போன உயிர்கள் போனவைதானே.

நம் பக்கம் 1882ஆம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டத்திலிருந்தே மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்தியூர் மேலே பர்கூர் மலையில், செவலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கிறார்கள். கட்டுத்தறிக்குப் பழகாத இனம். காடு இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அதே மாதம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கிக்கொண்டது. சரி, தப்பித்தோம் என்று பர்கூர்க்காரர்கள் இருந்தபோது, 2024இல் அந்த மலைக்காடும் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைச் சொல்கிறது. அதைக் காட்டித்தான் கேட்கிறார்கள்.

எல்லாக் காட்டிலும் எல்லா மாட்டையும் விடு என்று நான் சொல்ல வரவில்லை. அளவு மீறினால் இளங்கன்றுச் செடி மிஞ்சாது. கோமாரி, மாட்டிடமிருந்து காட்டெருமைக்கும் மானுக்கும் தொற்றும். எவ்வளவு மாடு, எந்தக் காடு, எந்த மாதம் என்று மேய்க்கிறவனையும் உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். பரத்பூரில் அதைக் கேட்கப் பத்து வருஷம் ஆயிற்று.

இப்போது எங்கள் தெருவில் சாயங்காலம் நாலைந்து மாடுகள்தான் திரும்புகின்றன. அன்று சிரித்துக்கொண்டே போனவர் காலமாகிவிட்டார். அவர் பிள்ளை மாடுகளைச் சந்தையில் விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.