'சதி அகல்யா'வின் விளம்பரப் படங்கள்: கே. தவமணி தேவி பற்றி ஒரு மறுபரிசீலனை

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் முதற்படமான 'சதி அகல்யா' (1937) வெளிவந்த காலத்தில், கதாநாயகி கே. தவமணி தேவி நீச்சலுடையில் தோன்றிய புகைப்படங்களை டி. ஆர். சுந்தரம் பத்திரிகைக்காரருக்குக் காட்டிப் பரபரப்பு விளைவித்தார் என்பது பிரசித்தம். அவற்றை மேனாட்டு மோகத்தின் இறக்குமதி என்று கொள்வது திரைவரலாறு எழுதுவோரிடையே வேரூன்றிவிட்ட கட்சி. தவமணி தேவி யாழ்ப்பாணத்தில் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்ற செய்தியை அவர்கள் முதல் வரியில் சொல்லி, மறு வரியில் மறந்துவிடுவர். அப்படங்களுக்கு உரை அந்த முதல் வரியிலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

கற்பிழந்து, சாபமுற்று, மீண்டும் தூய்மை எய்திய முனிபத்தினியின் கதையைக் குடும்பத்தோடு பார்க்க வந்த ஜனங்கள் வேறு. அப்புகைப்படங்கள் கருதிய பத்திரிகை உலகம் வேறு. அக்காலத்து நடிகையருட் பெரும்பாலோர் நாடகக் கம்பெனிகளிலிருந்தோ சங்கீத நாட்டியப் பரம்பரைகளிலிருந்தோ வந்தவர்களாதலின், அவர்களில் ஒருவர் அவ்வுடையில் நின்றிருந்தால், ஊர் ஒரு பழிச்சொல்லோடு அதை முடித்துக்கொண்டிருக்கும். அத்தகைய பூர்விகம் எதையும் சுட்டிக்காட்ட இடமில்லாத ஒரு பெண் நின்றதனாலேயே அங்கே வியப்புக்கும், வியப்பினூடே ஒருவகை மரியாதைக்கும் இடமுண்டாயிற்று. சுந்தரம் இதையெல்லாம் கணக்கிட்டே செய்தார் என்று நான் சாதிக்கவில்லை. விளைவு இதுவென்று மட்டும் சொல்கிறேன்.

திருச்செங்கோட்டில் பிறந்த சுந்தரம் லீட்ஸில் நெசவுத்தொழில் பயின்றவர், ஆங்கிலப் பெண்ணை மணந்தவர், ஆகவே இது மேனாட்டு ருசியே என்பாருக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சகுந்தலை' (1940) எம். எஸ். சுப்புலட்சுமியை எத்தனை அடக்கத்தோடு காட்டியது! அதே படத்தில் தபசைக் கலைக்கும் மேனகையின் வேடம் தவமணி தேவிக்குத்தான் வந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். அவர் நடித்த 'வன மோகினி' (1941) ஹாலிவுட் நடிகை டாரதி லாமூரின் காட்டுவேடங்களைப் பின்பற்றியது. அந்த ஒரு படத்தளவில் பழைய கட்சியை ஒப்புக்கொள்ளலாம்.

குலப்பெருமை திரையில் உதவும் விதம் எல்லோர்க்கும் ஒன்றன்று. டச்சுப் பிரபுக் குடும்பத்துப் பெண்மணியின் மகளாகிய ஆட்ரி ஹெப்பர்ன், 1953-ல் திரையில் இளவரசியாகவே வந்து உலகப்புகழ் எய்தினார். அவருக்குப் பிறப்பும் வேடமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தவமணி தேவிக்கோ, துணிவுக்கு அனுமதிச் சீட்டாய் உதவிய குலப்பெருமை, அத்துணிவு பழகிப்போனதும் செல்லாக்காசாயிற்று. துணிவு மட்டும் அவர் பெயரோடு தங்கிவிட்டது. கோவை ஜுபிடரின் 'ராஜகுமாரி' (1947) வந்தபோது, எம். ஜி. ராமச்சந்திரனுக்கு ஜோடியான இளவரசி வேடம் கே. மாலதிக்குப் போயிற்று, தவமணி தேவிக்குக் கிடைத்தது நாயகனை மயக்க முயலும் விஷராணி வேடம்.