உடம்பு வெறும் சட்டையா?

"கூடு விட்டுக் கூடு பாய்தல்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். உடம்பு கூடு, உயிர் அதில் தங்கும் பறவை. பழைய துணியைக் கழற்றிப் புதியதை உடுத்துவது போல என்கிறது கீதையின் 2-ஆம் அத்தியாயம். ஐரோப்பாவிலும் இது புதிதல்ல. பிளேட்டோவும் இதைத்தான் சொன்னார், மறுபிறவி உட்பட!

இதிலிருந்து விலகியவர் தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274). அவர் பிடித்துக்கொண்டது அரிஸ்டாட்டிலை. மெழுகும் அதில் பதிந்த முத்திரையும் இரண்டு பொருள்களா? இல்லை. அதுபோல ஆன்மாதான் உடம்பை உடம்பாக ஆக்குகிறது. உயிர் போனபின் கிடக்கும் கையைக் 'கை' என்பதுகூட வெறும் பேச்சு வழக்குதான். 1312-ல் வியன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், ஆன்மா உடம்பின் வடிவம் அல்ல என்று சொல்வதையே தவறான போதனை என்று அறிவித்தது.

ஆனால் சிக்கல் இங்கேதான். மெழுகு உருகினால் முத்திரையும் போய்விடுமே? அக்குவினாஸின் பதில் இது: பார்க்கக் கண் வேண்டும், கேட்கக் காது வேண்டும், சிந்திக்கும் அறிவுக்கென்று தனி உறுப்பு கிடையாது. அதனால் ஆன்மா மிஞ்சும். ஆனால் அது முழு மனிதன் அல்ல. உடம்பு திரும்ப எழும்வரை குறைதான். கத்தோலிக்கர்கள் 'சரீர உத்தானம்' என்று சொல்லிவந்தது இதைத்தான். (மூளையைப் பற்றி இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் 'தனி உறுப்பு கிடையாது' என்பது பலவீனமான இடம்.)

இந்த வாதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய ஏசுசபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, நம்மூர்ப் பெயரில் தத்துவ போதகர். 'ஆத்தும நிர்ணயம்' என்று ஒரு நூல், மறுபிறவியை மறுத்து இன்னொன்று. யோசித்துப் பாருங்கள்: ஆன்மா இந்த உடம்புக்கே உரிய வடிவம் என்றால், அது எப்படி இன்னொரு உடம்புக்குத் தாவும்? மறுபிறவி போனால் முன்வினைக் கணக்கும் ஆட்டம் காணும். மதுரைப் பண்டிதர்களுக்கு இது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், உடம்பு சட்டை அல்ல என்று வாதாடியவருக்கு உடையால்தான் வம்பு வந்தது. காவி கட்டினார், புலால் விட்டார், பூணூல் போட்டார். சக பாதிரியார்களே ரோமுக்குப் புகார் செய்தார்கள். பூணூலும் குடுமியும் சமூக வழக்கம், மதம் அல்ல என்பது அவர் வாதம். 1623-ல் போப் 15-ஆம் கிரிகோரி, நிபந்தனைகளோடு, அதை ஏற்றார்.

கடைசிக் காலத்தில் தெ நொபிலியின் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 1656-ல் அவர் இறந்தது மயிலாப்பூரில், ஆதம்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.